இன்னும் இடப்பக்கம்

கதவிடுக்கில் இரும்புக் கம்பியைச் செருகி நெம்பினாள் சம்யுக்தா. தாழ்ப்பாள் நெளிந்தது. விடவில்லை.

பக்கத்துக் கூடத்தில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சென்னிமலையில் அந்தத் தெரு முழுக்கவே தறிதான். இத்தனை நேரம் அவள் கதவைத் தட்டியது அவள் காதுக்கே கேட்கவில்லை. உள்ளே தூங்குகிறவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? மணிக்கட்டுக் கருவியில் சிவப்பு வட்டம் துடித்தது. நிவேதிகா. ஒன்பதாம் மாதம். மல்லாந்த நிலை. கட்டில் புரட்டிப் பார்த்துத் தோற்றுவிட்டது.

"தள்ளுங்க மேடம்" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முபாரக். ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். இரண்டடி பின்னால் போய்த் தோளால் மோதினார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

முபாரக் இந்த வேலைக்கு வந்து ஒரு வாரம்தான். ஒரு பெண் மல்லாந்து படுத்ததற்கா சைரன் போட்டுக்கொண்டு போகிறோம் என்று வரும் வழியில் கேட்டிருந்தார். வண்டி குலுங்கக் குலுங்க சம்யுக்தா விளக்கினாள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, வலப்பக்கமாக ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது அதுதான். சுவர் மெல்லிசு. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் அப்படியே அதன்மேல் உட்காரும்.

"தோட்டத்து ஓஸ் மேல டிராக்டர் டயர் நிக்கற மாதிரி" என்றார் முபாரக்.

அதே மாதிரிதான் என்றாள். இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்தால் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தமும் குறையும். தாய்க்குக் கண் இருட்டும், வியர்க்கும். குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும். விழித்திருக்கிறவள் தானாகவே திரும்பிப் படுத்துவிடுவாள். அசந்து தூங்குகிறவளுக்குத்தான் கட்டில்.

கட்டிலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அன்னைத்துயில். ஜனங்கள் வைத்த பெயர் மாமியாக் கட்டில். ஏழாம் மாதம் பிறந்ததும் வீட்டுக்கே வந்து பொருத்திவிட்டுப் போவார்கள். படுத்திருக்கிறவள் மல்லாந்தால் வலப்பக்கத்துக் காற்றுப்பை மெதுவாக உப்பி அவளை இடப்பக்கம் ஒருக்களிக்க வைக்கும். மறுபடி மல்லாந்தால் மறுபடி உப்பும். அது சொன்ன பேச்சைக் கேட்கும்வரை விடாது.

"எம் மருமக அதுல நாலு நாள் படுத்துட்டு, உங்கம்மாவே தேவலைன்னு எம் பையன்கிட்ட சொல்லுச்சாம்" என்று சிரித்திருந்தார் முபாரக்.

இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

உள்ளறையில் கட்டில் உறுமிக்கொண்டிருந்தது. நிவேதிகா சரியாக மல்லாந்தும் இல்லை, சரியாக ஒருக்களித்தும் இல்லை. வலப்பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில், இடப்பக்கமாக, ஒரு பவானி ஜமுக்காளம் உருளையாகச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. காற்றுப்பை உப்பி உப்பிப் பார்த்து அந்த உருளையிடம் தோற்றிருக்கிறது. இது என்ன நிலை என்று கட்டிலுக்குப் புரியவில்லை. இடப்பக்கம் இல்லை என்பது மட்டும் புரிந்து, மல்லாந்த நிலை என்று சேதி அனுப்பிவிட்டது.

சம்யுக்தா குனிந்து ஜமுக்காளத்தைப் பற்றி இழுத்தாள்.

"அதை எடுக்காதீங்க சாமி."

வாசற்படியில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். தலைமயிரெல்லாம் பஞ்சுத் துகள். சைரன் கேட்டுத் தறியை விட்டு ஓடிவந்திருக்கிறாள். நிவேதிகாவின் அம்மா கலாமணி. கட்டில் பொருத்த வந்த அன்றைக்கு சம்யுக்தாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள்.

"நீங்க வெச்சதா இது?"

கலாமணி மகளைப் பார்த்தாள்.

"புரட்டினா கொடி சுத்திக்கும்னு வெச்சீங்க. அப்படித்தானே?"

கலாமணியின் வாய் திறந்து மூடியது. "ஆமாங்க" என்றாள்.

இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் சம்யுக்தா கேட்கிற கதைதான். படுத்தவாக்கில் புரண்டால் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளுமாம். கட்டிலின் ஒயரைப் பிடுங்கிவிடுகிற அத்தைகள் உண்டு. காற்றுப்பையில் ஊசி குத்தின ஒரு பெரியம்மாவும் உண்டு. கோபப்பட நேரமில்லை. முதலில் திருப்பு, பிறகு நாடி பார் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சம்யுக்தா நிவேதிகாவின் வலது தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரே வாக்கில் இடப்பக்கம் திருப்பினாள்.

நிவேதிகா விழித்துக்கொண்டாள். யார் என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"அக்கா... இந்தப் பக்கம் வேண்டாங்க்கா."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்க கண்ணு. பாப்பாவுக்காக."

மல்லாந்த நிலை நீண்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடவேண்டும் என்பது விதி. தூக்குக் கட்டிலில் இடப்பக்கமாகவே கிடத்தி, நழுவாமல் பட்டை போட்டு இறுக்கி, வண்டியில் ஏற்றினார்கள். கலாமணி கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சந்தைப்பேட்டை தாண்டுவதற்குள் நிவேதிகாவின் உதடு வெளுத்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. சம்யுக்தா வயிற்றில் நாடிக்கருவியை வைத்தாள். குதிரைக் குளம்படி மாதிரி கேட்கவேண்டிய சத்தம் நொண்டிக்கொண்டு வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. வண்டிக்குள் பொருத்தியிருந்த பெட்டி, கட்டில் பேசுகிற அதே கனிவான பெண் குரலில் பேசியது.

"இன்னும் இடப்பக்கம்."

சம்யுக்தா முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி இன்னும் சாய்த்தாள். அழுத்தம் மேலும் இறங்கியது.

"இன்னும் இடப்பக்கம்."

நிவேதிகாவின் கை பட்டையைப் பிறாண்டியது. எதையோ சொல்ல வந்து வார்த்தை வராமல் உதடு மட்டும் அசைந்தது. இத்தனை நேரம் மல்லாந்து கிடந்ததன் பாதிப்பு இப்போது தெரிகிறது என்று சம்யுக்தா நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? நான்கு வருட வேலையில் இடப்பக்கம் திருப்பி யாருக்கும் கெட்டதில்லை.

"அம்மிணி, ஒருக்கா மறுபக்கம் திருப்பிப் பாருங்க" என்றாள் கலாமணி.

சம்யுக்தா திரும்பவில்லை.

"உங்களைக் கும்புடறேனுங்க. மறுபக்கம் திருப்புங்க."

"உங்க கொடிக் கதையாலதாம்மா இவ்வளவும். தயவுசெஞ்சு பேசாம உக்காருங்க."

கலாமணி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல் கடந்துகொண்டிருந்தது. முபாரக் ஸ்டியரிங்கைக் குத்தினார். அந்தக் கனிவான குரல் மறுபடி சொன்னது. சம்யுக்தா மறுபடி சாய்த்தாள்.

ஈரோட்டில் ஆஸ்பத்திரிக் கதவு திறந்தபடியே காத்திருந்தது. டாக்டர் ஃபர்சானா தூக்குக் கட்டிலோடு ஓடிக்கொண்டே கையுறை மாட்டினார். வயிற்றைத் திறந்து குழந்தையை வெளியே எடுத்த நிமிஷமே தாயின் ரத்த அழுத்தம் மேலே ஏறிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் நெற்றி சுருங்கியிருந்தது.

நிவேதிகா பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. அது அழவே இல்லை.

*

முன்பெல்லாம் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோனால் ஊர் சேர்ந்து அழும். கடவுளைத் திட்டும். அப்புறம் பெற்றவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுத்துத் தேற்றும். கட்டில் வந்த பிறகு நிறையக் குழந்தைகள் பிழைத்தன. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் இறந்த குழந்தைகளுக்குக் கடவுள் பொறுப்பில்லை என்றாகிவிட்டது. கட்டிலும் பொறுப்பில்லை. மிச்சம் இருப்பது மனிதர்கள்தான். கருக்காப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. கட்டிலின் வேலையைத் தடுத்து, அதனால் குழந்தை இறந்தால் தடுத்தவருக்குச் சிறை. பெற்றவளே தடுத்திருந்தால் இரட்டிப்புத் தண்டனை. தாய்க்குத்தானே பொறுப்பு அதிகம் என்று சட்டம் கொண்டுவந்தவர்கள் நியாயம் சொன்னார்கள்.

நிவேதிகாவின் கணவன் மஸ்கட்டிலிருந்து வந்தான். ஆஸ்பத்திரியில் மனைவியின் தலைமாட்டில் சிறிது நேரம் நின்றான். மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டான். தொலைக்காட்சிகளில் கலாமணியின் முகம் இரண்டு நாள் ஓடியது. மூடநம்பிக்கை என்ற சொல்லும் கூடவே ஓடியது. சம்யுக்தாவின் முகமும் ஒரு மூலையில் வந்தது. கதவை உடைத்துத் தாயைக் காப்பாற்றியவள் என்று.

விசாரணை கலெக்டர் அலுவலகத்தின் பின்கட்டில், காற்றே வராத ஒரு கூடத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி சிடுசிடுப்பானவர் இல்லை. கெட்டவரும் இல்லை. கலாமணியை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஜமுக்காளத்தை எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டார்.

"புரண்டா கொடி சுத்திக்குமுங்க. அதான் வெச்சேன்."

அப்படி ஒன்று கிடையாது, குழந்தை தானாக உள்ளே சுழன்று விளையாடும்போது கொடி சுற்றுவதுண்டு, தாய் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"சொன்னாங்க. என்ற புத்திக்கு ஏறலீங்க."

கூடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மகள் வயிற்றில் ஒரு பிள்ளை வளர்வதைவிட அந்தக் கதை பெரிதாகப் போய்விட்டதா என்று வருத்தத்தோடு கேட்டார். கலாமணி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, மறந்துவிடக் கூடாதே என்கிற கவனம்தான் அவள் முகத்தில் இருந்தது. சம்யுக்தாவுக்கு அது உறுத்தியது.

சாட்சி சொல்ல எழுந்தபோது, உள்ளே நுழைந்ததும் பார்த்ததை அப்படியே சொல் என்றார்கள். அவள் சொன்னாள். வலப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். இடப்பக்கம் அடியில் ஜமுக்காளம். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நாக்கு ஒரு நொடி நின்றது. பிறகு சமாளித்து முடித்தாள். தீர்ப்பு திங்கட்கிழமை என்று அறிவித்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

அவளுக்குக் காங்கேயத்துச் சித்தி நினைவு வந்திருந்தது.

சித்தி முழுகாமல் இருந்தபோது சம்யுக்தாவுக்குப் பத்து வயசு. லீவுக்குப் போய் அதே அறையில்தான் படுப்பாள். சித்தி ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் கையை ஊன்றி எழுந்து, உஸ்ஸென்று உட்கார்ந்து, அப்புறம் மறுபக்கம் சாய்வாள். கொடி சுற்றிவிடும் என்று பயப்படுகிறவர்கள் செய்வது அதுதான். எழுந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பு என்பார்கள். அவ்வளவுதான். எந்தப் பக்கம் படுக்கலாம், எந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கும் இல்லை. கொடிக்குப் பயந்தவள் மகளை எழுப்பி உட்காரவைத்திருப்பாள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்திருப்பாள். இடப்பக்கம் மட்டும் உருளையை வைத்து, வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க மாட்டாள்.

தாழ்வாரத்தில் பெண் போலீஸ் ஒருத்தி காவலிருக்க, கலாமணி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரி செல்போனில் மூழ்கியிருந்தாள். சம்யுக்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அதை நீங்க வெக்கலை."

கலாமணி நிமிர்ந்தாள். கண்ணில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"வெச்சேனே. நீங்களே பாத்தீங்களே."

"கொடிக்குப் பயந்து வெக்கறவங்க அப்படி வெக்க மாட்டாங்க. கொடின்னு முதல்ல சொன்னது நானு. நீங்க தலையாட்டினீங்க."

டீ கொண்டுவந்த ஆள் இருவரையும் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

"அவளேதான் வெச்சுக்கிட்டா" என்றாள் கலாமணி, டம்ளரைப் பார்த்தபடி. "இடப்பக்கம் படுத்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு கட்டில் வந்த நாள்ளருந்து சொல்லிக்கிட்டே இருந்தா. மூச்சு முட்டுதும்பா. கட்டில்கிட்டயே சொன்னா. இடப்பக்கமே பாதுகாப்புன்னு அது திருப்பிச் சொல்லுச்சு. நர்ஸம்மாகிட்டச் சொன்னா. தலச்சம் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க. நீங்க காத்துப்பை பாக்க வந்தப்ப உங்ககிட்டயுஞ் சொன்னாளுங்க."

சம்யுக்தாவுக்கு ஞாபகம் இருந்தது. பழகிடும் கண்ணு என்று கன்னத்தைத் தட்டிவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன.

"அன்னைக்கு மத்தியானம் அந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி வெச்சுக்கிட்டா. அப்பத்தானுங்க எம்புள்ள நல்லாத் தூங்குனா. நான் வேண்டாம்னு சொல்லலை. தூங்கட்டும்னு விட்டுட்டேன். தப்புன்னா அதுதான் என்ற தப்பு."

"இதை ஏம்மா உள்ள சொல்லலை?"

கலாமணி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"கொடி சுத்திக்கும்னு நாஞ் சொன்னா எல்லாரும் நம்பறாங்க அம்மிணி. இவளைப் பாத்தா அப்படித்தான் இருக்கான்னு நம்பறாங்க. எம்புள்ள தனக்கு மயக்கமா வருதுன்னு சொன்னதை ஒருத்தரும் நம்பலையே."

பிறகு சம்யுக்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள். பெற்றவளே செய்தது என்றால் இரட்டைத் தண்டனை, ரணம் ஆறாத உடம்போடு அவள் உள்ளே போனால் திரும்பி வரமாட்டாள், எனக்கென்ன, ஜெயிலிலும் தறி இருக்குமாம் என்றாள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சம்யுக்தா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. டீ ஆறிப் போயிற்று.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபர்சானா அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

நிவேதிகாவின் கால் வீங்கியிருந்ததாம். ரத்தம் எங்கேயாவது கட்டியிருக்குமோ என்று வயிறு முழுவதையும் படம் எடுத்துப் பார்த்தாராம். கட்டி இல்லை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது என்று அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

சம்யுக்தா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எத்தனை பேருக்கு டாக்டர் இப்படி இருக்கும்?"

"சில நூறு பேர்ல ஒருத்தருக்கு. சாதாரணமா ஒரு தொந்தரவும் இருக்காது. தெரியாமலே வாழ்ந்து முடிச்சிடுவாங்க." டாக்டர் திரையை அணைத்தார். "இந்தப் பொண்ணுக்கு எத்தனை ஸ்கேன் எடுத்திருக்கோம் தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் குழந்தையோட கையப் பார்த்தோம், காலப் பார்த்தோம், இதயத்தப் பார்த்தோம். அது யாருக்குள்ள இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கலை."

கட்டிலை இரண்டு பக்கமும் புரட்டுகிற மாதிரி செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே பேச்சு அடிபட்டது, ஒருபக்கம் போதும், சுலபம், எல்லாருக்கும் ஒரே விதி என்று முடித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். மேலிடத்துக்கு அன்று காலையிலேயே தகவல் சொல்லிவிட்டாராம். வழக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, இப்போதைக்கு வெளியே பேசவேண்டாம் என்று பதில் வந்ததாம்.

"மாநிலம் முழுக்க எத்தனை கட்டில் ஓடுது?" என்று கேட்டார் டாக்டர்.

சம்யுக்தாவுக்கு அந்த எண் தெரியும். சில நூறு பேரில் ஒருத்தி என்று அதை வகுத்துப் பார்க்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"நான் திங்கட்கிழமை அந்தப் படத்தைக் காட்டச் சொல்லப்போறேன்" என்றாள்.

"வேலை போயிடும்."

"ம்."

"உங்க பேரும் வரும். அந்த வண்டிக்குள்ள நடந்தது எல்லாம் வரும். யோசிச்சுக்கோங்க."

சம்யுக்தா யோசித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினாள்.

*

வார்டின் கடைசிக் கட்டிலில் நிவேதிகா வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இது சாதாரண இரும்புக் கட்டில். யாரையும் புரட்டாது. சாயங்கால வெயில் கம்பி நிழலாக அவள்மேல் விழுந்திருந்தது. சம்யுக்தாவைப் பார்த்ததும் எழப்போனாள். பிள்ளை இல்லாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடியே எழும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"படுத்துக்க."

தினமும் சம்யுக்தா வந்து உட்காருகிறாள். நிவேதிகா அவள் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். நர்சுகள்கூட உங்க அக்கா வந்துட்டாங்க என்றுதான் சொல்வார்கள். நீங்க வரலைன்னா நான் போயிருப்பேன் என்று நிவேதிகா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

"அம்மாவ எப்பங்க்கா விடுவாங்க?"

"விட்டுடுவாங்க." சம்யுக்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஜமுக்காளத்தை வெச்சது யாருன்னு அம்மா சொல்லிட்டாங்க."

நிவேதிகா கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் மூக்கின் மேல் வழிந்து மறுகன்னத்துக்குப் போயிற்று.

"தூக்கம் வந்துச்சுங்க்கா. எத்தனையோ நாளாத் தூங்கவே இல்லை. ஒரே ஒரு மத்தியானம் தூங்கலாம்னு பாத்தேன். அதுக்குப் போயி அவளைக் கொன்னுட்டேன்."

"நிவேதிகா."

"அவ நல்லாத்தாங்க்கா இருந்தா. நீங்க வந்து என்னைத் திருப்புனீங்களே, அப்பக்கூட உங்க கைக்கு நேரா ஓங்கி ஒரு உதை விட்டா. நீங்க கவனிக்கலை. அதான் அவ கடைசியா உதைச்சது. இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு வெச்சிருந்தேன். உங்க கையிலதான் உதைச்சா."

சம்யுக்தா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பேசவேண்டியதைப் படிக்கட்டிலேயே கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவில்லை.

"நீ கொல்லலை" என்றாள். "திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உனக்குத் தெரியணும். அந்தப் பெரிய ரத்தக்குழாய் இருக்குல்ல, மல்லாந்தா நசுங்கும்னு முதல் நாள் படம் காட்டிச் சொன்னேனே."

"வலப்பக்கம் இருக்கும்னீங்க. அதனாலதான் இடப்பக்கம் படுக்கணும்னீங்க."

"எல்லாருக்கும் வலப்பக்கம். உனக்கு அது இடப்பக்கம் ஓடுது. பிறக்கும்போதே. டாக்டர் இன்னைக்குத்தான் பார்த்தாங்க."

நிவேதிகாவின் கை மெல்ல நகர்ந்து இடது இடுப்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"அப்ப நான் ஜமுக்காளத்தை வெச்சுப் படுத்திருந்தது..."

"சரியாத்தான் படுத்திருந்தே. உனக்கு அதுதான் சரி. பாப்பா நல்லாத்தான் இருந்திருக்கா."

கீழே தெருவில் ஒரு வண்டி சைரன் போட்டுக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் அது தேய்ந்து மறைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிவேதிகா சம்யுக்தாவின் முகத்தையே பார்த்தாள். புரியாமல் கேட்கிறாளா, புரிந்துதான் கேட்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்புறம் என்னங்க்கா ஆச்சு?"

"அப்புறம்தான்" என்றாள் சம்யுக்தா, "நான் வந்தேன்."